குழாயடிக் கணக்கு – 9: வழியில் தொலைந்த குளோரின்

சென்ற வாரம் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கும் கணக்கைப் பார்த்தோம். கலந்தது தெருக்கோடிக் குழாய் வரை வந்து சேர்ந்ததா என்பது இந்த வாரக் கணக்கு.

ஓர் ஊராட்சியில் நான் கண்டது இது. காலையில் குழாயில் பிடித்த தண்ணீரை யாரோ குடித்துப் போட்ட குளிர்பான பாட்டிலில் நிரப்பி, ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கவிட்டு, வெயிலில் ஊர் சுற்றி மதியம் சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். குளோரின் துளிகூட இல்லை. தொட்டி ஆபரேட்டருக்கு எல்லார் முன்னும் வசவு விழுந்தது. மறுநாள் காலை அதே குழாயடியில் நின்று சோதித்தோம். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்! "நேத்தும் இதே அளவுதான் சார் போட்டேன்" என்றார். குரல் கம்மியிருந்தது.

குளோரின் பாட்டிலுக்குள் சும்மா இருப்பதில்லை. வெயில் அதைச் சிதைக்கும். பாட்டிலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையும் அழுக்கும் அதைத் தின்றுவிடும். அதனால்தான் பிடித்த இடத்திலேயே, அதிகம் போனால் 15 நிமிடத்துக்குள் அளந்துவிட வேண்டும். கிருமிச் சோதனைக்கென்று ஆய்வகம் தரும் பாட்டிலில் குளோரினைப் பார்க்கவே கூடாது. வழியில் குளோரின் கிருமிகளைக் கொன்றுவிடாதபடி அதைச் செயலிழக்கச் செய்ய சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள். வீட்டு மாடித் தொட்டியில் தேங்கிய நீரும் ஊர்க் குழாயின் கதையைச் சொல்லாது.

இனி, குளோரினை அளக்க நீரில் போடும் டிபிடி மாத்திரை. குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். ஒரு நிமிடத்துக்குள் நிறத்தைப் பார்த்துவிட வேண்டும்; அம்மோனியா கலந்த நீரென்றால், நேரம் ஆக ஆக குளோரமின்களும் நிறம் கொடுத்து அளவைக் கூட்டிக் காட்டும். மாங்கனீசு உள்ள போர்வெல் நீரில் இன்னொரு சிக்கல்: குளோரின் பட்டு மாறிய மாங்கனீசே சிவப்பு காட்டும், குளோரின் தீர்ந்துபோன பிறகும்.

என்னை அதிகம் அச்சுறுத்துவது இதற்கு நேர் எதிரானது. குளோரின் மிக அதிகமானால் அதுவே அந்தச் சிவப்பை வெளுத்துவிடும். நிறம் ஒரு கணம் தோன்றி மறையும், சில சமயம் தோன்றவே தோன்றாது. 'இல்லை' என்று நினைத்து இன்னும் பவுடரைக் கொட்டினால் என்ன ஆகும்? சந்தேகம் வந்தால் குளோரின் இல்லாத காய்ச்சி வடித்த நீரில் பத்துக்கு ஒன்றாகக் கலந்து மறுபடி சோதியுங்கள்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 கேட்பது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. பிஎச் 7.5-இல் குளோரினில் ஏறத்தாழ பாதி, கிருமியை வேகமாகக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும், 8.5-இல் பத்தில் ஒரு பங்குதான். மாத்திரையோ தன்னுள் இருக்கும் உப்பால் பிஎச்சைத் தானே சரிசெய்துகொண்டு இரண்டிலும் ஒரே சிவப்பைக் காட்டும். ஆகவே பிஎச்சையும் பக்கத்தில் குறியுங்கள்.

அந்த ஆபரேட்டரின் நோட்டில் இப்போது 'பிடித்த நேரம்', 'பார்த்த நேரம்' என்று இரண்டு பத்திகள். கோடு போட்டது அவரேதான்.

(தொடரும்)