தொடைத் தமனி என்னும் நுழைவாயில்

சுண்ணம் படிந்து இறுகிப்போன பெருந்தமனி வால்வுக்குப் பதிலாக, மார்பைத் திறக்காமலேயே புது வால்வைப் பொருத்தும் சிகிச்சைக்கு ‘டாவி’ என்று பெயர். பிரான்ஸின் ரூவான் நகரில் அலென் கிரிபியே 2002-இல் இதை முதன்முதலாகச் செய்தார். இப்போது பெரும்பாலும் கவட்டையிலுள்ள தொடைத் தமனி வழியாகவே வால்வு இதயத்தை அடைகிறது. வால்வு கச்சிதமாக அமர்ந்த பிறகும் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய இடம் இந்த நுழைவாயில்.

தொடக்கத்தில் தமனிக்குள் செருகிய உறைக்குழாயின் உள்விட்டம் 22 முதல் 24 பிரெஞ்சு. மூன்று பிரெஞ்சு ஒரு மில்லிமீட்டர். ஆக, ஏறத்தாழ 8 மி.மீ. வயதான பெண்கள் பலரின் தமனி அதைவிடக் குறுகல். டாவியைச் சோதித்த, அமெரிக்காவின் முதல் ‘பார்ட்னர்’ ஆய்வில், அபாயம் மிகுந்த நோயாளிகளில் 11 சதவீதம் பேருக்கு 30 நாட்களுக்குள் பெரிய ரத்தக்குழாய்ச் சிக்கல் நேர்ந்தது. பிறகு உறைக்குழாய் 14 பிரெஞ்சாக மெலிந்தது. 2019-இல் வெளியான பார்ட்னர் 3 ஆய்வில் அந்த விகிதம் 2.2 சதவீதம். அதில் சேர்ந்தவர்கள் அபாயம் குறைந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பாதுகாப்பின் பெரும்பகுதி ஊசி குத்துவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. தமனியின் அகலம், வளைவு, சுண்ணப் படிவு மூன்றையும் சி.டி. ஸ்கேன் காட்டிவிடும். வழி சரியில்லையென்றால் தோள்பட்டைத் தமனியையோ கழுத்துத் தமனியையோ நாடலாம். குத்தும் இடமும் முக்கியம். தொடை எலும்பின் தலைக்கு நேர் முன்னே குத்தினால், பின்னர் எலும்போடு சேர்த்து அழுத்தி ரத்தத்தை நிறுத்த முடியும். சற்று மேலே போனால் ரத்தம் வயிற்றின் பின்புறம் கசியும். அங்கே கை எட்டாது. கீழே இறங்கினால் தமனி கிளை பிரிந்து ஒடுங்கியிருக்கும். அதனால்தான் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே குத்துகிறார்கள். துளையைப் பெரிதாக்குவதற்கு முன்பே தையல் நூல்களைப் போட்டு வைத்து, கடைசியில் இழுத்து முடிச்சிடும் முறையும் பரவலாக உள்ளது.

முடிச்சிட்ட பிறகும் ரத்தம் நிற்காவிட்டால் அழுத்திப் பிடிப்பார்கள். சிகிச்சையின்போது ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஹெபாரினை முறிக்கப் புரோட்டமின் கொடுப்பார்கள். அதற்கும் அடங்காதபோது, மறு தொடை வழியாகப் பலூனை அனுப்பி உள்ளிருந்தே ஓட்டத்தை அடைத்து, கிழிசலின் மேல் துணியுறை கொண்ட ஸ்டென்ட்டைப் பதிப்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால் அறுவை மருத்துவர் தமனியைத் திறந்து தைக்க வேண்டும்.

வெளியே தெரியாத கசிவுதான் மிகவும் அஞ்சத்தக்கது. காரணமில்லாமல் ரத்த அழுத்தம் சரிவது, விலாவிலோ முதுகிலோ வலிப்பது அதன் அடையாளங்கள். கால் சில்லிட்டு நாடி மங்கினால் தமனி அடைபட்டிருக்கக்கூடும். அதற்கும் தாமதம் ஆகாது. சில நாள் கழித்துக் கவட்டையில் துடிக்கும் கட்டி தோன்றினால் அது தமனியிலிருந்து கசிந்த ரத்தம் தேங்கிய பையாக, அதாவது பொய் அனியூரிசமாக இருக்கலாம். சிறியவை பல தாமாகவே அடைந்துவிடும். பெரியவற்றில் அல்ட்ராசவுண்ட் உதவியுடன் த்ராம்பின் செலுத்தி ரத்தத்தை உறையச் செய்கிறார்கள்.