உங்களுக்குத் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத கசிவு

கரம்பொன்னில் வேலி அடைக்கும்போது பனைமட்டைக் கருக்குக் கையைக் கீறினால், கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே இரத்தம் நின்றுவிடும். இரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோய் உள்ளவருக்கும் சின்னக் கீறல் பெரும்பாலும் அப்படித்தான்! அவரை முடக்குவது மூட்டுக்குள் கசியும் இரத்தம். முழங்கால் வீங்கும், சூடேறும், மடக்க வராது.

● ஹீமோபிலியா 'ஏ' நோயில், குருதி உறைய வேண்டிய 8ஆம் காரணி என்ற புரதம் குறைவு. அதன் மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் பெரும்பாலும் ஆண்களையே தாக்கும். தாய் நோயின்றியே அதைக் கடத்தலாம்.

● கடுமையான நோய் உள்ளவர்கள் இந்தக் காரணியை வாரத்தில் இரண்டு, மூன்று தடவை நாளத்தில் ஏற்றுவது வழக்கம்.

● வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குருதியியல் நிபுணர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழு வேறு வழி தேடியது. நோயாளியின் சொந்தக் குருதித் தண்டுக்கலங்களை எடுத்து, காரணிக்கான மரபணுவைப் புகுத்தி, திரும்ப உடலில் ஏற்றினார்கள். இச்சிகிச்சை பெற்ற ஐந்து பேருக்கும், கண்காணித்த காலம் முழுவதும் இரத்தக்கசிவே இல்லை. முடிவு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது.

● நினைவிருக்கட்டும்: இந்நோய் உள்ளவருக்கு வலி என்றால் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.