சர்க்கரைக்குத் தேடினார்கள், புற்றுநோய்க்குக் கிடைத்தது எப்படி?

அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஏற்றும் மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். அது வந்தது நம் தெருவோர நித்தியகல்யாணியிலிருந்து. சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குவோமே, அதே செடிதான்.

ஜமைக்காவில் அந்த இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பார்கள். 1952-ல் கொஞ்சம் இலை கனடாவில் ஆய்வாளர் ராபர்ட் நோபிள் கைக்கு வந்தது. சாற்றை எலிகளுக்குப் புகட்டினார், சர்க்கரை அசையவில்லை. ஊசியாகப் போட்டதும் எலிகள் நோய்த்தொற்றில் செத்தன. பரிசோதித்தால், ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. வேறொருவராக இருந்தால் இலையைக் குப்பையில் போட்டிருப்பார். ஆனால் ரத்தப் புற்றுநோயில் கட்டுக்கடங்காமல் பெருகுவதே வெள்ளணுக்கள்தானே? நோபிள் விடவில்லை. சக ஆய்வாளர் சார்லஸ் பீருடன் சேர்ந்து 1958-ல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். அதன் நெருங்கிய சொந்தமான வின்கிறிஸ்டினைப் பிரித்தது அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம்.

செல் இரண்டாகும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுக்க நுண்குழாய்கள் உருவாகும். அவற்றுக்கான டியூபுலின் புரதத்தை இந்த மருந்து பிடித்துக்கொள்ளும். செல் பாதியில் நின்று சாகும். நரம்புகளுக்கும் நுண்குழாய்கள் தேவை என்பதால்தான் சிலருக்குக் கைகால் மரத்துப்போகிறது.

ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். இந்த இலையை வீட்டில் கஷாயமாக வைத்தால் அளவும் தெரியாது, நஞ்சும் போகாது, குடிக்கவே கூடாது.