ஓ.கே. - ஒரு சொல்லின் கதை



ஆங்கிலம் படிக்காதவர் வாயிலும் தாராளமாகப் புழங்கும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. பெரட்டுக் களத்திலும் கேட்கும். பள்ளிப் பிள்ளைகளிடமும் கேட்கும். அதுதான் 'ஓ.கே.' அதன் பிறப்பையும் பொருளையும், அதை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லலாகாது என்பதையும் இன்று பார்ப்போம்.

இச்சொல் பிறந்த இடம் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரம். 1830ஆம் ஆண்டுகளின் இறுதியில் அங்கே பத்திரிகைக்காரர்களிடம் ஒரு வேடிக்கைப் பழக்கம் இருந்தது. சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, முதலெழுத்துகளை மட்டும் அச்சிட்டு மகிழ்வார்கள். 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்ற தொடர், முறைப்படி 'ஏ', 'சி' என்ற எழுத்துகளில் தொடங்கவேண்டும். அதை ஒலிக்கேற்ப 'ஓ', 'கே' என்று மாற்றினார்கள். 1839 மார்ச் 23ஆம் நாள் 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில் அது அச்சேறியது. 'சரி' என்று சொல்லவந்த சொல்லே பிழையிலிருந்து பிறந்தது!

அப்படிப் பிறந்த மற்றச் சுருக்கங்கள் பல மறைந்தன. இது நிலைத்ததற்கு ஒரு தேர்தலும் காரணம். 1840இல் அமெரிக்க அதிபர் மார்ட்டின் வான் பியூரன் மறுபடியும் போட்டியிட்டார். அவருடைய ஊர் கிண்டர்ஹூக். 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்ற அவரது பட்டப்பெயரின் முதலெழுத்துகளும் ஓ.கே. தான். ஆதரவாளர்கள் அப்பெயரில் சங்கமே அமைத்தார்கள். அவர் தோற்றார், சொல் பரவியது. 1960களில் ஆலன் வாக்கர் ரீட் என்ற ஆய்வாளர் பழைய நாளிதழ்களைக் கொண்டு இவ்வரலாற்றை நிலைநாட்டினார்.

இனிப் பொருள். 'கணக்கு ஓ.கே.' என்றால் பிழையில்லை. 'காய்ச்சல் விட்டது, இப்போது ஓ.கே.' என்றால் நலம். 'சமையல் ஓ.கே.' என்றாலோ பெரிய பாராட்டு அன்று, 'பரவாயில்லை' என்பதுதான்.

நண்பர்களிடம் இதைத் தாராளமாகச் சொல்லலாம். வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் எழுதலாகாது. நேர்முகத் தேர்வில் 'யெஸ் சார்' என்பதே மரியாதை.

இன்னொன்றை நாம் மறக்கக்கூடாது. கதை கேட்கும்போது 'உம்' கொட்டுவதுபோல, புரியாத பேச்சுக்கும் நாம் 'ஓ.கே.' போட்டுவிடுகிறோம். நாம் 'கேட்டேன்' என்று நினைத்துச் சொல்கிறோம். எதிரிலிருப்பவர் 'சம்மதம்' என்று எடுத்துக்கொள்கிறார். மருந்தை எத்தனை வேளை சாப்பிடுவது என்று மருத்துவர் சொல்லும்போதும், தவணைக் கடையில் பத்திரத்தை நீட்டும்போதும் இந்த வேறுபாடு பெரிதாகிவிடும். ஒரு வேளை மருந்து இரு வேளையாகலாம். தெரியாத வட்டி நம் தலையில் விழலாம்.

ஆகவே, புரியாதபோது 'இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று கேட்போம். அதில் வெட்கமில்லை. புரிந்தபின் 'ஓ.கே.' சொல்வோம்.