கட்டற்ற மென்பொருள்

கணிப்பொறி வெறும் பொறியே; அதனை இயக்குவது மென்பொருள். மென்பொருளின் பிறப்பிடம் மனிதர் எழுதும் மூலநிரல். அதனை மறைத்துவிட்டால், பொருளை வாங்கியவனும் அதன் பழுதை நீக்க இயலாதவனாகின்றான். பிறர்க்குக் காட்டாது பூட்டிவைத்தமையால் செல்லரித்துப்போன ஏட்டுச்சுவடிகள் நம் நாட்டிலும் பலவன்றோ!

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் பணியாற்றினார். அங்கு அச்சுப்பொறி ஒன்று தாள் சிக்கி அடிக்கடி நின்றது. அதனைச் சீர்செய்ய விழைந்து நிரலைக் கேட்டார், கொடுக்க மறுத்தனர். யாவரும் பயிலவும் திருத்தவும் பகிரவும் கூடிய 'க்னூ' என்னும் இயங்குதளத்தை ஆக்கப்போவதாக அவர் 1983-இல் அறிவித்தார்.

உரிமை கோராது பொதுவில் விட்டால், பிறனொருவன் அதனைச் சிறிது மாற்றித் தனதாக்கிப் பூட்டிவிடுவானே! இதற்கு அவர் கண்ட வழி மிக நயமானது. பதிப்புரிமையைக் கைவிடாது, அதன் வலிமையாலேயே ஒரு நிபந்தனை விதித்தார்: திருத்தி வழங்குவோன், தான் பெற்ற உரிமைகள் அனைத்தையும் மூலநிரலோடு பிறர்க்கும் அளித்தல் வேண்டும். பூட்டுவதற்கென அமைந்த சட்டமே திறவுகோலாயிற்று. இதுவே 1989-இல் வெளிவந்த க்னூ பொது உரிமம். விலைக்கு விற்பதனை அது தடுக்கவில்லை. 'கட்டற்ற' என்பது விலையைக் குறித்த சொல் அன்று.

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் உட்கருவை எழுதினார். மறு ஆண்டில் அதனை இவ்வுரிமத்தின்கீழ் வைத்தார். இரண்டும் இணைந்து முழு இயங்குதளமாயின. அவ்வழி வந்த டெபியனை அடிப்படையாகக் கொண்டு, சென்னை சி-டாக் நிறுவனத்தார் 2007-இல் 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை இந்திய மொழிகளுக்கென வெளியிட்டனர். அதற்காக எவரிடமும் இசைவு வேண்டி நிற்கும் நிலை அவர்களுக்கு இல்லை. மேனாம்பேட்டு மாணவன் ஒருவன் அதன் திரையில் பிழையான தமிழ்ச்சொல்லைக் கண்டால், தானே திருத்தலாம். திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம்.