எல்லைக்கோட்டில் சடுகுடு

தமிழ் தலைவாஸ் - தெலுங்கு டைட்டன்ஸ் மோதல் ஆண்டுக்கு ஆண்டு சூடேறுகிறது. இரு மொழியும் புழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கு இது ஏறக்குறைய குடும்பச் சண்டை.

2025 ஆகஸ்ட் 29-ல் விசாகப்பட்டினத்தில் புரோ கபடி லீகின் 12-வது சீசன் தொடங்கியது. தொடக்க ஆட்டத்துக்கு அமைப்பாளர்கள் தேர்ந்தெடுத்த ஜோடி: சொந்த மண்ணில் தெலுங்கு டைட்டன்ஸ், எதிரே தமிழ் தலைவாஸ். இழுபறியான ஆட்டத்தில் 38-35 என்று தலைவாஸ் வென்றது. வித்தியாசம் மூன்றே புள்ளிகள்.

சென்னையில் மகிழ்ச்சி, விசாகப்பட்டினத்தில் வருத்தம். கணக்கு அங்கே எளிது. சித்தூரிலும் திருப்பதியிலும் அப்படி இல்லை. அரசாங்கப் பதிவேட்டில் இவை ஆந்திரம். ஆனால் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் வீட்டுக்குள் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். டைட்டன்ஸின் விசாகப்பட்டினம் திருப்பதியிலிருந்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். தலைவாஸின் சென்னையோ காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரும் தூரம். மொழி ஒரு பக்கம் இழுத்தால் சாலை மறுபக்கம் இழுக்கிறது.

இந்த இழுபறிக்கு வயது அதிகம். தமிழின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் காட்டுவது வேங்கடத்தை. 1911-ல் வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுவதும் அதோடு போயிற்று. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. திருப்பதி அந்தப் பக்கமே தங்கியது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் மாறின. விளையாட்டின் பெயர் மட்டும் மாறவில்லை. இங்கே சடுகுடு, அங்கே செடுகுடு.

ஆட்டத்தின் மேல் உள்ள ஆசைக்கும் எல்லை கிடையாது. 2021-ல் நகரியில் போட்டி ஒன்றைத் தொடங்கிவைக்கப் போன அன்றைய எம்.எல்.ஏ., நடிகை ரோஜா, தானே களத்தில் இறங்கிக் கபடி ஆடிய வீடியோ இரு மாநிலங்களிலும் வலம் வந்தது. 2022 ஜனவரியில் திருப்பதி மாநகராட்சி இந்திரா மைதானத்தில் அகில இந்திய அளவில் ஒரு கபடிப் போட்டியையே நடத்திக் காட்டியது.

லீக் பிறந்தது 2014-ல். டைட்டன்ஸ் தொடக்கத்திலிருந்தே இருக்கும் அணி. தலைவாஸ் வந்தது 2017-ல். அந்த ஆண்டு ஜூலை 28-ல் ஹைதராபாத்தில் தலைவாஸ் ஆடிய முதல் ஆட்டமே டைட்டன்ஸுக்கு எதிராகத்தான். 32-27 என்று டைட்டன்ஸ் வென்றது. இரண்டும் ஒரே பிரிவில் போடப்பட்டதால் திரும்பத் திரும்ப மோத நேர்ந்தது. அமெரிக்கக் கால்பந்தில் இது பழைய வித்தை. அங்கே தேசிய லீகில் ஒரே பிரிவு அணிகள் ஆண்டுதோறும் இரண்டு முறை மோதியாக வேண்டும். அப்படித்தான் தலைமுறைப் பகைகள் வளர்ந்தன. பகையில் பாதியை உருவாக்குவது அட்டவணை.

மீதிப் பாதியை வீரர்களின் ஏலம் பார்த்துக்கொள்கிறது. முதல் ஆறு சீசன்களிலும் டைட்டன்ஸின் முகமாக இருந்தவர் ராகுல் சௌத்ரி. 2019-ல் தலைவாஸ் அவரை 94 லட்ச ரூபாய்க்கு எடுத்தது. அந்த ஜூலையில் அவர் ஹைதராபாத்துக்குத் திரும்பி வந்து ஆட, தலைவாஸ் 39-26 என்று பழைய வீட்டுக்காரர்களைத் தோற்கடித்தது. அடுத்து பவன் செராவத். 2022-ல் 2.26 கோடிக்குத் தலைவாஸுக்கு வந்தவர் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்தார். அடுத்த ஏலத்தில் டைட்டன்ஸ் 2.60 கோடிக்கு மேல் கொடுத்து அவரைக் கொண்டுபோனது. அப்படியும் அந்த சீசனின் 22 ஆட்டங்களில் அந்த அணி வென்றது இரண்டே. 2025-ல் அவர் மறுபடி தலைவாஸ் பக்கம்; விலை 59.5 லட்சம். சீசன் முடிவதற்குள் அணியை விட்டு வெளியேறியும் விட்டார்.

ராகுல் உத்தரப் பிரதேசத்துக்காரர். பவன் டெல்லிக்காரர். தமிழ், தெலுங்கு என்று மார்பில் எழுதிக்கொண்டு மோதுகிறவர்களில் பெரும் பெயர்கள் வடக்கிலிருந்து வந்தவை. தலைவாஸ் தொடங்கியபோது சச்சின் டெண்டுல்கருடன் பங்குதாரர்களாகச் சொல்லப்பட்ட நிம்மகட்டா பிரசாத், அல்லு அரவிந்த், ராம் சரண் மூவரும் தெலுங்கர்கள். மறுபுறம், 2016-ல் பாட்னா அணிக்குக் கேப்டனாக இருந்து கோப்பை வென்ற தர்மராஜ் சேரலாதன் தஞ்சை மாவட்டத்துக்காரர். அவருக்குக் கோப்பை கிடைத்தபோது தமிழ் என்ற பெயரில் அணியே கிடையாது.

அதனால் இந்த மோதல் வெறும் வியாபாரம் என்று தள்ளிவிட முடியுமா? பார்க்கிறவர்களின் உணர்ச்சி வாடகைக்கு வந்தது அல்ல. கபடிக்குத் தமிழில் 2017-லிருந்தும் தெலுங்கில் 2018-லிருந்தும் தனி ஸ்போர்ட்ஸ் சேனல்கள் உண்டு. இரண்டும் தெரிந்த வீட்டில் எந்த மொழி வர்ணனையை வைப்பது என்பதே முதல் ரெய்டு. ஒரு காலத்தில் இதே மண்ணில் மொழிச் சண்டை மறியலாகவும் சிறைவாசமாகவும் நடந்தது. இன்று அது 40 நிமிடத்தில் முடிந்து, தோற்றவர் வென்றவரைக் கேலி செய்ய விடுவதோடு சரி. இந்த லாபம் சிறியதல்ல.

நஷ்டமும் இருக்கிறது. மொழியின் பெயரால் ரசிகரைக் கேட்கும் அணிகள் அந்த மொழி பேசும் கிராமத்துப் பையனுக்கு என்ன தருகின்றன என்ற கேள்விக்கு இன்னும் நல்ல பதில் இல்லை. நகரியிலோ சத்தியவேட்டிலோ மண் களத்தில் ஆடும் ஒருவன் இரு அணிகளில் எதற்கும் போகலாம். இரண்டு மொழியும் அவனுக்குத் தெரியும். ஆனால் மண்ணிலிருந்து மேட்டுக்குப் போக அவனுக்கு ஏணி வேண்டும். பயிற்சியாளர், செயற்கை மேட், மாவட்டத் தேர்வுக்கு வரும் அணி அதிகாரி.

12 சீசன் முடிந்தும் தலைவாஸும் சரி, டைட்டன்ஸும் சரி, கோப்பையைத் தொட்டதில்லை. வடக்கே ஏலத்தில் தேடுவதில் ஒரு பங்கை வேங்கடத்தின் அடிவாரத்திலும் தேடிப் பார்க்கலாம். ஆள் கிடைத்தால், அவனுக்காகவும் இரண்டு அணிகளும் சண்டை போடட்டும். அந்தச் சண்டையில் சித்தூர், திருப்பதிக்காரர்கள் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது.