அழகான டெஸ்க்டாப் விட்ஜெட்... உள்ளே என்ன ஓடுகிறது?

வால்பேப்பர் மேல் மிதக்கும் பெரிய கடிகாரம், பக்கத்தில் வானிலை, கீழே இப்போது ஓடும் பாட்டின் பெயர், மூலையில் பேட்டரி அளவு. யூடியூபில் 'டெஸ்க்டாப் செட்அப்' வீடியோ பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. விண்டோஸில் ரெயின்மீட்டர், லினக்ஸில் காங்கி, மேக்கில் ஊபர்ஸிக்ட் என இலவச ஓபன் சோர்ஸ் டூல்கள் இருக்கின்றன.

ஆனால் யாரோ செய்து வைத்த விட்ஜெட்டை டவுன்லோடு பண்ணும் முன் ஒன்று தெரிந்திருக்கணும். வால்பேப்பர் வெறும் படம். விட்ஜெட் அப்படி இல்லை, அது ஒரு குட்டி புரோகிராம்.

எப்படி வேலை செய்கிறது?

2001 முதல் இருக்கும் ரெயின்மீட்டரையே எடுத்துக்கொள்வோம். இதில் விட்ஜெட்டுக்கு 'ஸ்கின்' என்று பெயர். ஸ்கின் என்பது நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய ஒரு ஐஎன்ஐ ஃபைல். அதற்குள் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: மெஷர், மீட்டர். மெஷர் தகவலைக் கொண்டுவரும்: நேரம், சிபியூ பயன்பாடு, ஏதோ ஒரு இணையப் பக்கத்தில் இருக்கும் வெப்பநிலை. மீட்டர் அதைத் திரையில் காட்டும்: எழுத்தாகவோ, பட்டையாகவோ, வட்டமாகவோ. சாதாரண கடிகாரத்துக்குப் பத்து, பன்னிரண்டு வரி போதும். அதை கிளிக் செய்தால் காலண்டர் திறக்கணுமா? இன்னொரு வரி சேர்த்தால் முடிந்தது. கோடிங் தெரியாதவர்கூட ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம்.

தமிழில் எழுத நினைப்பவர்களுக்கு ஒரு டிப்ஸ்: ஃபைலை யுடிஎஃப்-16 எல்இ என்கோடிங்கில் சேவ் செய்யுங்கள். நோட்பேட் வழக்கமாக யுடிஎஃப்-8இல் சேவ் செய்யும். அப்படியே விட்டால் 'இன்றைய வேலை' என்று எழுதியது திரையில் புரியாத குறிகளாக வந்து நிற்கும்.

காங்கியும் டெக்ஸ்ட் ஃபைலை நம்பித்தான் ஓடுகிறது. ஊபர்ஸிக்ட் கொஞ்சம் வேற மாதிரி. டெர்மினல் கமாண்ட் ஒன்றைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஓட்டி, கிடைக்கும் விடையை வெப் பக்கம் போல வரைந்து காட்டும். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்கு இது ஜாலியான வேலை.

சரி, இதில் என்ன சிக்கல்?

கமாண்டை ஓட்ட முடியும் என்பதுதான். 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் சைடுபார் கேட்ஜெட்கள் இருந்தது பலருக்கு நினைவிருக்கலாம். 2012 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அவற்றை முடக்கச் சொல்லி எச்சரிக்கை விட்டது. பாதுகாப்பில்லாத ஒரு கேட்ஜெட் வழியாக வெளியாள் கம்ப்யூட்டரைக் கைப்பற்ற முடியும் என்பதே காரணம். விண்டோஸ் 8இல் கேட்ஜெட்களே இல்லை. 2021இல் விண்டோஸ் 11 விட்ஜெட்களைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் டெஸ்க்டாப் மேல் இல்லை, பக்கத்தில் திறக்கும் ஒரு பேனலுக்குள், கேட்காமலே வரும் செய்திகளோடு. சொந்த டெஸ்க்டாப்பை இஷ்டப்படி வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ரெயின்மீட்டர் பக்கம் போவதில் ஆச்சரியமில்லை.

ஓபன் சோர்ஸ் என்பதாலேயே பயமில்லை என்று சொல்லிவிட முடியாது. 2024 மார்ச்சில் லினக்ஸின் கேடிஇ பிளாஸ்மாவில் நடந்ததைப் பாருங்கள். ஒருவர் குளோபல் தீம் ஒன்றை இன்ஸ்டால் செய்தார். நிறம், ஐகான் எல்லாம் சேர்ந்த தொகுப்பு அது. அதோடு வந்த ஸ்கிரிப்ட் அவருடைய சொந்த ஃபைல்களை அழித்துவிட்டது. செய்தவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சரியாக எழுதப்படாத ஒரு டெலிட் கமாண்ட்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஃபைல் போனவருக்கு அதனால் என்ன ஆறுதல்! வெளியாட்கள் செய்த தீம்களை இன்ஸ்டால் செய்யும்போது கவனமாக இருக்கும்படி கேடிஇ குழுவே சொல்ல வேண்டியதாயிற்று.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ரெயின்மீட்டர் என்ற டூலின் கோட் எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. அதில் ஓடும் ஸ்கின் யாரோ ஒருவர் எழுதியது. அதை யாராவது சரிபார்த்திருப்பார்கள் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம்.

எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்கின் ஃபைலை நோட்பேடில் திறந்து 'ரன்கமாண்ட்', 'பிளக்இன்' என்ற சொற்களை ஆங்கிலத்தில் தேடுங்கள். காங்கியில் 'எக்ஸெக்' என்று தொடங்குபவை, ஊபர்ஸிக்டில் 'கமாண்ட்' பகுதி. இவை இருந்தாலே ஆபத்து என்று அர்த்தமில்லை. பேட்டரி அளவு படிக்கக்கூட கமாண்ட் தேவைப்படலாம். ஆனால் வெறும் கடிகாரம் எதற்காக இணையத்திலிருந்து ஃபைலை இறக்குகிறது என்று கேள்வி வரணும்.

ரெயின்மீட்டர் தொகுப்பை இன்ஸ்டால் செய்யும்போது உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். அதில் பிளக்இன் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அது டிஎல்எல் ஃபைல், நோட்பேடில் படிக்க முடியாது. செய்தவர் அதன் கோடை வெளியிட்டிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி டீமிடம் கேட்காமல் எதையும் போடாதீர்கள், நீங்களே எழுதிய பன்னிரண்டு வரி கடிகாரமாக இருந்தாலும்.